இரண்டு மேற்கோள் குறிகளை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன்பு உங்கள் ஞாயிறு இணைப்பில், பெரிய ஃபோல்டர்களை கமாண்ட் பிராம்ப்டில், அதாவது விண்டோஸில் கட்டளையைக் கையால் அடிக்கிற கறுப்பு ஜன்னலில், ஒரே வரியில் சட்டென்று அழிப்பது எப்படி என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், பதினேழு வருடமாக இதுதான் தொழில். அந்தக் குறிப்பு பொய்யில்லை, நானே தினமும் செய்கிற வேலைதான் அது. ஆனால் அச்சான கட்டளையில் இரண்டு சின்னக் குறிகள் விட்டுப்போயிருந்தன, அதனால் எனக்கு மூன்று ராத்திரி தூக்கம் போனது, எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிற அண்ணனுக்கு அதைவிடப் பெரியதெல்லாம் போனது.

நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய கம்ப்யூட்டரில் டி டிரைவில் 'வெட்டிங்' என்று ஒரு ஃபோல்டர், நடப்பு ஆல்ப வேலையெல்லாம் அதில். பக்கத்திலேயே 'வெட்டிங் ஓல்டு' என்று இன்னொன்று, ஆல்பம் கொடுத்து காசு வாங்கி முடிந்த பழைய கல்யாணங்கள். டிரைவ் நிறைந்துவிட்டது, பழையதை அழிக்கலாம் என்று மவுஸில் டெலீட் கொடுத்தால் பச்சைக் கோடு நகரவே மாட்டேன் என்கிறது. அப்போதுதான் உங்கள் குறிப்பு கண்ணில் பட்டிருக்கிறது. கத்தரித்து மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறார். நீங்கள் மாதிரிக்குக் கொடுத்த ஃபோல்டர் பெயர் நடுவில் இடைவெளி விட்ட இரண்டு சொல், அதைச் சுற்றி மேற்கோள் குறி கிடையாது. அவரும் மேற்கோள் குறி போடாமல் தன்னுடைய 'வெட்டிங் ஓல்டு' பெயரை அங்கே போட்டு எண்டர் தட்டிவிட்டார்.

அந்தக் கட்டளையின் சுபாவம் தெரிந்தவர்களுக்கு இப்போதே வயிற்றைப் பிசையும். ஃபோல்டரை அழிக்கிற ஆர்எம்டிஐஆர் என்கிற அந்தக் கட்டளைக்கு ஒரே வரியில் எத்தனை ஃபோல்டர் பெயர் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் போதும். மேற்கோள் குறி இல்லாததால் அது 'வெட்டிங் ஓல்டு' என்பதை ஒரு பெயராகப் படிக்கவில்லை. டி டிரைவில் உள்ள 'வெட்டிங்' ஒன்று, 'ஓல்டு' இன்னொன்று என்று இரண்டாகப் படித்தது. முதலாவது இருந்தது, அழித்துவிட்டது. இரண்டாவது இல்லை, அதனால் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று ஒரு வரி காட்டியது. அண்ணன் அந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு, சரி, வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று ஜன்னலை மூடிவிட்டு, அன்று காலை எடுத்த காதுகுத்து விழாப் படங்களை மெமரி கார்டிலிருந்து அதே டி டிரைவில் இறக்கியிருக்கிறார். அதை இறக்காமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அடுத்த நாள் காலையில் ஆல்பத்தைத் திறக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

மேற்கோள் குறி இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. அவ்வளவுதான்.

மூன்று கல்யாணம் போயிருந்தது. அது பழைய ஹார்டு டிஸ்க் என்பதால் மீட்கும் மென்பொருளை ஓடவிட்டு ஒன்றரைக் கல்யாணத்தை எடுத்துக்கொடுத்தேன். ஒரு வீட்டுக்கு முகூர்த்தம் முழுதாகக் கிடைத்தது, முந்தின நாள் வரவேற்பு கிடைக்கவில்லை. இன்னொரு வீட்டுப் படங்களில் பாதியில் சாம்பல் நிறப் பட்டை விழுந்திருந்தது, மாலைக்கு மேலே முகம் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. காதுகுத்துப் படங்கள் போய் உட்கார்ந்த இடம் அது. சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி-யாக இருந்திருந்தால் இந்த ஒன்றரையும் கிடைத்திருக்காது. ஒரு ஃபைலை அழித்ததும் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸே டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், அதற்கு ட்ரிம் என்று பெயர். டிஸ்க்கும் தனக்கு ஓய்வு கிடைக்கும்போது அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளும். கேட்க நல்ல ஏற்பாடு, நம் மாதிரி ஆட்களுக்கு மீட்பு வேலையே இல்லாமல் போய்விட்டது.

குறிப்பில் இல்லாத இன்னொன்று, மவுஸில் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்பது. வருகிற எல்லாரும் ஃபோல்டர் ஐம்பது ஜிபி, அதனால்தான் லேட்டாகிறது என்கிறார்கள். கிடையாது. ஐம்பது ஜிபி-க்கு ஒரே ஒரு வீடியோ ஃபைல் இருந்தால் மவுஸிலேயே கண் இமைப்பதற்குள் போய்விடும். இரண்டு ஜிபி-தான், ஆனால் உள்ளே இரண்டு லட்சம் குட்டிக் குட்டி ஃபைல் என்றால் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. நேரத்தைத் தின்பது எண்ணிக்கை. விண்டோஸ் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஒரு பேரேடு வைத்திருக்கிறது, மாஸ்டர் ஃபைல் டேபிள் என்பார்கள். அழிப்பது என்றால் வீட்டை இடிப்பது இல்லை, அந்தப் பேரேட்டில் பெயரை அடிப்பது. ஒரு பெயரை அடிப்பதும் இரண்டு லட்சம் பெயரை ஒவ்வொன்றாக அடிப்பதும் ஒன்றாகுமா? வெப்சைட் செய்கிற பையன்கள் நோட் மாட்யூல்ஸ் என்று ஒரு ஃபோல்டரோடு வருவார்கள், அளவைப் பார்த்தால் கொஞ்சம், உள்ளே திருவிழாக் கூட்டம்.

இதற்கு மேல், நாம் மவுஸில் ஃபோல்டர்களைத் திறந்து பார்க்கிற எக்ஸ்ப்ளோரர் தன் பங்குக்கு எக்ஸ்ட்ரா வேலை பார்க்கும். முதலில் மொத்தம் எத்தனை, எவ்வளவு என்று எண்ணும், ஏனென்றால் அந்தப் பச்சைக் கோட்டையும் மீதி நேரத்தையும் அது நமக்குக் காட்டியாக வேண்டும். அப்புறம் ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பும். பின்னைக் காலி செய்யும்போது மறுபடி முதலிலிருந்து. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுத்தால் பின்னுக்குப் போகாது, ஆனால் எண்ணுவது எண்ணிக்கொண்டுதான் இருக்கும். கறுப்பு ஜன்னல் இந்த வேலை எதையும் செய்வதில்லை. எண்ணாது, காட்டாது, பின்னில் போடாது, நேராகப் பேரேட்டில் கை வைத்துவிடும். வேகம் வருவது அங்கிருந்துதான். உங்கள் குறிப்பு வேகத்தைப் பற்றிச் சொன்னது, அழித்தது ரீசைக்கிள் பின்னில் இருக்காது என்பதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஸ்டுடியோ அண்ணன் என்னிடம் வந்ததும் கேட்ட முதல் கேள்வியே 'பின்னில் இருக்குமில்லையா தம்பி' என்பதுதான்.

கட்டளையின் பின்னால் வருகிற சாய்கோடுகளுக்கும் அர்த்தம் சொல்லியிருக்கலாம். சாய்கோடு போட்டு எஸ் என்றால் உள்ளே இருக்கிற ஃபோல்டர், அதற்குள் இருக்கிற ஃபோல்டர் எல்லாவற்றோடும் என்று அர்த்தம். சாய்கோடு கியூ என்றால் கேள்வி கேட்காதே. கியூ இல்லாவிட்டால் 'நிச்சயமாகவா' என்று ஒரு தடவை கேட்கும், அதில் எந்த ஃபோல்டரை அழிக்கப்போகிறது என்று பெயரும் காட்டும். ஸ்டுடியோ அண்ணனுக்கு அந்தக் கேள்வி ஒன்று வந்திருந்தால் 'வெட்டிங்' என்று தனியாகப் பார்த்ததும் கை நின்றிருக்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு கியூ எதற்கு? ஒரு தடவை எண்டர் தட்டுவது மிச்சம், வேறென்ன.

அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது முழு அதிகாரத்தோடு, திறக்கவும் என்று வேறு போட்டிருந்தீர்கள். நம் சொந்தப் படத்தையும் டாக்குமெண்டையும் அழிக்க அட்மினிஸ்ட்ரேட்டர் எதற்கு? சாதாரணமாகத் திறந்தால் தவறிப்போய் விண்டோஸ் ஃபோல்டர் பெயரை அடித்தாலும் 'அனுமதி இல்லை' என்று பெரும்பாலும் மறுத்துவிடும். அந்த மறுப்பு நமக்கு வேண்டியது. இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. சாதாரண ஜன்னலில் ஃபோல்டரை மவுஸால் இழுத்து வந்து போட்டால் அதன் முழு முகவரி, இடைவெளி இருந்தால் மேற்கோள் குறியோடு, தானே விழும். அட்மினிஸ்ட்ரேட்டர் ஜன்னலில் அப்படி இழுத்துப்போட முடியாது, கையால்தான் அடிக்க வேண்டும். கையால் அடிப்பதில்தான் எல்லா வம்பும் ஆரம்பிக்கிறது.

குறிப்பின் கடைசியில், ஃபோல்டர் மாறுகிற சிடி கட்டளையைப் போட்டு அந்த ஃபோல்டருக்குள் போய் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அழிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கையே நடுங்கியது. கமாண்ட் பிராம்ப்ட் திறந்ததும் நாம் இருப்பது சி டிரைவில், பெரும்பாலும் நம் பெயர் உள்ள ஃபோல்டரில், டாக்குமெண்ட், டெஸ்க்டாப், டவுன்லோடு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து சிடி என்று அடித்து டி டிரைவ் ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் டிரைவ் மாறாது. சாய்கோடு டி சேர்த்தால்தான் மாறும், இல்லாவிட்டால் டி-யும் முக்காற்புள்ளியும், அதாவது மேலும் கீழும் புள்ளி வைக்கிறோமே அது, இரண்டையும் சேர்த்துத் தனி வரியாக அடிக்க வேண்டும். பிழைச் செய்தி எதுவும் வராது, அமைதியாக சி-யிலேயே நிற்கும். நாம் டி-க்குப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு நட்சத்திரம் போட்டு அழித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஊர்க் கடைக்காரன் பயம் என்று நினைத்துவிட வேண்டாம். விவரம் தெரிந்தவர்களே விழுந்த குழிதான். 2011-இல் பம்பிள்பீ என்று லினக்ஸுக்கு (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) ஒரு மென்பொருள் இருந்தது, இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களுக்காக எழுதியது. அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், அதாவது வரிசையாக ஓடுகிற கட்டளைப் பட்டியலில், யுஎஸ்ஆர் என்ற ஃபோல்டருக்குள் ஆழத்தில் இருக்கிற ஒரு சின்னச் சமாச்சாரத்தை அழிக்கச் சொல்லும் வரியில், யுஎஸ்ஆர் என்பதற்கு அப்புறம் தவறிப்போய் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. லினக்ஸில் பாதி சிஸ்டம் அந்த யுஎஸ்ஆர்-க்குள்தான் இருக்கும். இன்ஸ்டால் செய்தவர்களுக்கு அதுவே மொத்தமாகப் போனது. ஸ்டுடியோ அண்ணன் செய்த அதே தப்பு, அதே ஒரு இடைவெளி.

2015 ஜனவரியில், கம்ப்யூட்டர் கேம் வாங்கி விளையாடுகிற ஸ்டீம் என்கிற மென்பொருளின் விஷயம். லினக்ஸுக்கான அதன் ஸ்கிரிப்டில் 'ஸ்டீம் இருக்கிற இடத்தில் உள்ள எல்லாவற்றையும் அழி' என்று ஒரு வரி. இடம் எது என்பது முன்னாலேயே ஒரு பெயரில் குறித்துவைக்கப்பட்டிருக்கும். ஒருவர் தன் ஸ்டீம் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார், அந்தப் பெயருக்குள் ஒன்றும் இல்லாமல் வெறுமையாகிவிட்டது, 'இருக்கிற இடம்' காணாமல் போய் 'உள்ள எல்லாவற்றையும் அழி' மட்டும் மிச்சம் நின்றது. அவருடைய ஃபைல்களோடு செருகியிருந்த எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் பேக்கப்பாக வைத்திருந்ததும் போனது. இதில் எனக்கு மறக்காத விஷயம், அந்த வரிக்கு மேலே எழுதியவரே 'பயமாக இருக்கிறது' என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் குறித்துவைத்திருந்தார். பயந்துகொண்டே எழுதி, அப்படியே விட்டுவிட்டார்.

2017 ஜனவரி 31 ராத்திரி மென்பொருள் எழுதுபவர்களின் வேலையை இணையத்தில் சேமித்துவைக்கிற கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததில் கட்டளை சரியாகவே இருந்தது, மெஷின்தான் தப்பு. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு சர்வர். மாற்று சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் ஃபோல்டரை, நெடுநேரம் வேலை பார்த்த ஒரு எஞ்ஜினியர் முக்கிய சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் கண்டுபிடித்து நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி-தான் மிச்சம். அப்புறம் பேக்கப்பைத் தேடினால், தினமும் ஓட வேண்டியது வெர்ஷன் பொருந்தாமல் ஓடவே இல்லை. ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் வேறு வேலைக்காக எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது, அந்த ஆறு மணி நேரம் போனது போனதுதான். மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார்கள், மீட்கிற வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது. நம் வீட்டுக் கணக்குக்கு இதில் ஒரு விஷயம் உண்டு: நேற்று ஈ என்று வந்த எக்ஸ்டெர்னல் டிஸ்க் இன்று வேறொரு பென்டிரைவ் செருகியிருந்தால் எஃப் என்று வரும், ஈ என்பது இப்போது வேறொருவருடைய பென்டிரைவாக இருக்கும்.

சரி, நான் எப்படிச் செய்கிறேன் என்று கேட்பீர்கள். முதலில் அழிக்கவே மாட்டேன். ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றுவேன், 'அழிக்கணும்' என்று, இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக. பெயர் மாற்றுவது உள்ளே எத்தனை லட்சம் ஃபைல் இருந்தாலும் ஒரு நொடி வேலை, பேரேட்டில் அந்த ஒரு ஃபோல்டரின் பதிவைத் தொட்டால் போதும். அப்புறம் கஸ்டமரை இரண்டு நாள் வழக்கம்போல் வேலை பார்க்கச் சொல்வேன். ஆல்பம் திறக்கவில்லை, டாலி திறக்கவில்லை என்று போன் வந்தால் பெயரைத் திரும்ப மாற்றிக் கொடுத்துவிடலாம். போன் வராவிட்டால், கட்டளையை அடிப்பதற்கு முன்னால் டிஐஆர் என்று போட்டு அதே முகவரியைக் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். சரியான ஃபோல்டர்தான் என்று கண்ணால் பார்த்தபிறகு, மேல் அம்புக்குறியை அழுத்தினால் அதே வரி திரும்ப வரும், முதல் சொல்லை மாற்றி சாய்கோடு எஸ் சேர்த்தால் போதும். முகவரியை முழுதாக அடிக்கவும் மாட்டேன், முதல் இரண்டு மூன்று எழுத்து அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே முடிக்கும், இடைவெளி இருந்தால் மேற்கோள் குறியையும் அதுவே போடும். ஸ்டுடியோ அண்ணன் சரியான பெயர் வரும்வரை டேப் தட்டியிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது.

முதலில் டெல் கட்டளையால் ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு அப்புறம் காலி ஃபோல்டர்களை ஆர்எம்டிஐஆர் போட்டு எடுத்தால் இன்னும் வேகம் என்பவர்கள் உண்டு. டெல் ஒவ்வொரு ஃபைல் பெயரையும் திரையில் எழுதிக்கொண்டே போகும், அதையே ஒரு வேலையாகச் செய்யும், அதனால் வெளியீட்டை நல் என்கிற இல்லாத இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். எங்கள் கடையில் வருகிற ஃபோல்டர்களில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முகவரி 260 எழுத்துக்கு மேல் நீண்டு 'பெயர் ரொம்ப நீளம்' என்று அழிய மறுக்கிற ஃபோல்டர்கள் வேறு ரகம். அதற்கு ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்கி, ரோபோகாப்பி என்கிற நகலெடுக்கும் கட்டளையில் சாய்கோடு எம்ஐஆர் போட்டு, அந்தக் காலியைப் போலவே இதையும் ஆக்கு என்று சொன்னால் துடைத்துவிடும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ரோபோகாப்பி எல்லா மெஷினிலும் இருக்கிறது. ஆனால் எது காலி, எது நிறைந்தது என்ற வரிசை மாறக்கூடாது, இரண்டாவதாகச் சொல்கிற ஃபோல்டர்தான் துடைக்கப்படும், அங்கே ஃபோல்டருக்குப் பதில் டிரைவ் பெயரை மட்டும் கொடுத்தால் டிரைவே காலி. இதைத் தயவுசெய்து அடுத்த வாரம் பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தில் எந்தக் கட்டளையையும் அப்படியே தட்டச்சு செய்கிற மாதிரி நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். உங்கள் பத்தி அகலம் குறைவு, நீளமான கட்டளை இரண்டு வரியாக உடையும், உடைகிற இடத்தில் இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று படிக்கிறவருக்குத் தெரியாது, சில சமயம் லே-அவுட் மென்பொருளே அங்கே ஒரு இணைப்புக்கோடும் போட்டுவிடும். இணையப் பதிப்பில் வேறு தொல்லை, நேரான மேற்கோள் குறி அழகுக்காக வளைந்துவிடுகிறது, வளைந்த குறியை கமாண்ட் பிராம்ப்ட் மேற்கோளாகவே மதிக்காது. அதனால் கட்டளையை எழுத்தாக அடிக்காமல் திரையைப் படம் பிடித்து, ஸ்கிரீன்ஷாட்டாகப் போடுங்கள், முழு அகலத்தில், உடையாமல். 'இது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது' என்ற வரி கட்டளைக்கு மேலே வரட்டும், கீழே அல்ல. படித்ததும் கை கீபோர்டுக்குப் போய்விடுகிறது, கீழே இருப்பதை அப்புறம்தான் படிக்கிறார்கள்.

திருத்தம் போடுவதாக இருந்தால் எட்டாம் பக்கத்து மூலையில் போடாமல், குறிப்பு வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில், அதே அளவுக் கட்டத்தில் போடுங்கள். பழைய கத்தரிப்பு இன்னும் அந்த மானிட்டருக்குக் கீழேதான் ஒட்டியிருக்கிறது. எடுத்துவிடுங்கள் அண்ணே என்று சொன்னால், 'பேப்பரில் வந்தது, தம்பி' என்கிறார். புதிதாக வருவதை அதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்,
விருதுநகர்